டாக்குமென்டேஷன் சைட்டைக் காதால் வாசிப்பது எப்படி?



இந்த வார எபிசோடில் ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் ஒன்றுக்குள் முதல் தடவை எப்படி நுழையலாம் என்று பேசினோம். கோடு எழுதாமலே தொடங்க நல்ல வழி டாக்குமென்டேஷன் என்று சொன்னதோட நேரம் முடிஞ்சிடுச்சு. "டாக்குமென்டேஷன்ல அப்படி என்னதான் சரி பண்ண இருக்கு?" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த மடல் முழுக்க அதுதான்.

முதலில் ஒரு கணக்கு. 2017-இல் கிட்ஹப் நடத்திய ஓப்பன் சோர்ஸ் சர்வேயில், முழுமையில்லாத அல்லது பழசாகிப்போன டாக்குமென்டேஷன் ஒரு பிரச்சினை என்று 93 சதவீதம் பேர் சொன்னார்கள். அதே சர்வேயில் பங்களிப்பாளர்களில் 60 சதவீதம் பேர், தாங்கள் டாக்குமென்டேஷன் பக்கம் எப்போதாவதுதான் போவோம், அல்லது போவதே இல்லை என்றார்கள். எல்லாருக்கும் வேணும், யாரும் தொட மாட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ஆனால் அந்த 93 சதவீதக் கணக்கில் வராத ஒரு பிரச்சினை இருக்கு. பக்கத்தில் எல்லா விவரமும் சரியாக இருக்கும், ஒரு பகுதி மக்களால் மட்டும் அதை வாசிக்க முடியாது. கண் தெரியாதவர்கள், பார்வை குறைந்தவர்கள், மவுஸ் பிடிக்கக் கை ஒத்துழைக்காதவர்கள், டிஸ்லெக்சியா உள்ளவர்கள். இவர்களுக்கு மென்பொருள் இலவசமாகக் கிடைத்தும், அதை எப்படி இன்ஸ்டால் பண்ணுவது என்று சொல்லும் பக்கம் பூட்டிக் கிடந்தால், அந்த இலவசத்துக்கு அர்த்தம் இல்லை. அந்தப் பூட்டைத் திறப்பது பற்றித்தான் இனி.

சிட்னி, 2000

வெப்சைட்டும் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்குள் வரும் என்று உலகத்திலேயே முதலில் தீர்ப்பான வழக்குகளில் ஒன்று நம்ம ஊரில்தான் நடந்தது. சிட்னி ஒலிம்பிக்ஸ் சமயம். புரூஸ் மக்வையர் என்பவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கம்ப்யூட்டரை பிரெய்ல் டிஸ்ப்ளே வழியாகப் பயன்படுத்துபவர். ஒலிம்பிக் வெப்சைட்டைத் தன்னால் வாசிக்க முடியவில்லை என்று 1999 ஜூனில் மனித உரிமை, சம வாய்ப்பு ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஆதாரம் 1992-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் பாகுபாட்டுத் தடைச் சட்டம்.

அவர் கேட்டது மூன்றே விஷயம். படங்களுக்கு எழுத்தில் விளக்கம் வேண்டும். போட்டி அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும். முடிவுகளைக் காட்டும் டேபிள்களை வாசிக்க முடிய வேண்டும்.

ஏற்பாட்டுக் குழு சொன்ன பதில் ஐடியில் இருக்கும் யாருக்கும் பழக்கமானது: "ரொம்பச் செலவாகும்." ஒரு ஆள் தினமும் எட்டு மணி நேரம் வேலை செய்தாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், சுமார் 20 லட்சம் டாலர் போகும் என்று வாதாடினார்கள். மக்வையர் பக்கம் சாட்சி சொன்ன நிபுணர்கள், ஒரு சின்ன டீம் இருந்தால் நாலு வாரத்தில் முடியும் என்றார்கள். ஆணையம் நிபுணர்களை நம்பியது. 2000 ஆகஸ்ட் 24 அன்று, செப்டம்பர் 15-க்குள், அதாவது போட்டி தொடங்கும் நாளுக்குள், சரி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. குழு அதை அரைகுறையாகத்தான் செய்தது. நவம்பரில் 20,000 டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கதையை நான் இங்கே சொல்வதற்குக் காரணம் அந்த மூன்று விஷயங்கள்தான். படத்துக்கு விளக்கம், பக்கங்களுக்கு நடுவே வழி, டேபிள். இருபத்தைந்து வருடம் கழித்தும், எந்த ஓப்பன் சோர்ஸ் டாக்குமென்டேஷன் சைட்டைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படும் குறைகள் இவைதான். வெப்ஏம் என்ற அமைப்பு வருடாவருடம் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் சோதிக்கிறது. 2024-இல் அதில் 95.9 சதவீதப் பக்கங்களில் குறை கண்டுபிடிக்கப்பட்டது. முதலிடம் எழுத்து நிறம் மங்கலாக இருப்பதற்கு, 81 சதவீதப் பக்கங்களில். ஆக, திருத்தத் தெரியாமல் விட்டது என்பதைவிட யாரும் பார்க்காமல் விட்டதுதான் அதிகம்.

நம்ம நாட்டில் பிறந்த குரல்

நல்ல டாக்குமென்டேஷன் எப்படி இருக்கும் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடர் நம்ம நாட்டில் பிறந்தது. திரையில் இருப்பதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றிக் கொடுக்கும் மென்பொருள்தான் ஸ்க்ரீன் ரீடர். 2006-இல் மைக்கேல் கர்ரன் இதை எழுதத் தொடங்கினார், கொஞ்ச நாளில் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இரண்டு பேருமே பார்வை இல்லாதவர்கள். அப்போது சந்தையில் இருந்த ஸ்க்ரீன் ரீடர்கள் ஆயிரம் டாலர் அளவுக்கு விற்றன. கம்ப்யூட்டர் விலையைவிட அதைப் பேச வைக்கும் விலை அதிகம். திருச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு மாணவருக்கு அது எட்டாக்கனி. என்விடிஏ பைத்தானில் எழுதப்பட்டது, கோடு வெளிப்படை, டவுன்லோடு இலவசம். 2007-இல் தொடங்கிய என்வி ஆக்சஸ் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு அதை நடத்துகிறது. இன்றைக்கு ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கு. தமிழும் உண்டு, தமிழ்ப் பயனர் கையேடும் உண்டு. எல்லாம் தன்னார்வலர்கள் வேலை.

அந்தக் கையேட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், ஏன்னா அது கண்ணால் பார்க்காதவர்களுக்காக, கண்ணால் பார்க்காதவர்களும் சேர்ந்து எழுதியது.

பார்க்க அழகே கிடையாது. நீளமான ஒரே பக்கம். மேலே உள்ளடக்கப் பட்டியல், கீழே வரிசை எண்ணோடு தலைப்புகள், உட்தலைப்புகள். ஒரு ஆப்ஷன் என்றால் அதற்கு ஒரு தலைப்பு, அது என்ன செய்யும், எந்தக் கீயை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். கீ கட்டளைகளை மட்டும் தொகுத்து ஒரு குறும்பட்டியலும் இருக்கு, ஆனால் அதை யாரும் தனியாக எழுதுவதில்லை. கையேட்டிலிருந்தே தானாக உருவாகிறது. அதனால் ஒரு இடத்தில் மாற்றினால் இன்னொரு இடத்தில் பழசு நிற்காது.

இன்னொரு நுணுக்கம். என்விடிஏவின் அமைப்புகள் பெட்டியில் ஏதாவது ஒரு ஆப்ஷன் மேல் நின்று எஃப்1 அழுத்தினால், கையேட்டில் அதே ஆப்ஷனை விளக்கும் இடம் நேரே திறக்கும். இது எப்படி நடக்குதுன்னா, ஒவ்வொரு தலைப்புக்கும் மாறாத ஒரு ஐடி இருக்கு. தலைப்பைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் அந்த ஐடி ஆங்கிலத்திலேயே நிற்கும். மொழிபெயர்ப்பாளர் ஆர்வத்தில் அதையும் தமிழாக்கினால் தமிழ்ப் பயனருக்கு மட்டும் உதவி உடையும். சைட்டைப் புதுப்பிக்கும்போது பழைய லிங்குகளை உடைக்காமல் வைப்பது என்று பொதுவாகச் சொல்வோமே, அதன் முழு அர்த்தம் இதுதான்.

2024-இல் இந்தக் கையேட்டின் மூலத்தை, டிஎக்ஸ்டி2டேக்ஸ் என்ற பழைய வடிவத்திலிருந்து மார்க்டவுனுக்கு மாற்றினார்கள். வாசகருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் திருத்த வருபவருக்குப் பெரிய நிம்மதி. கிட்ஹப்பில் ஒரு ரீட்மீ எழுதத் தெரிந்த யாரும் இப்போது கையேட்டில் கை வைக்கலாம். வாசிப்பவருக்கு மட்டுமல்ல, எழுத வருபவருக்கும் வாசல் அகலமாக இருக்க வேண்டும்.

அரை மணி நேரம், கண்ணை மூடி

இனி உங்க வேலை. நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்டின் டாக்குமென்டேஷன் சைட்டை எடுங்க. விண்டோஸ் என்றால் என்விடிஏவை இறக்குங்க. மேக் என்றால் கமாண்டும் எஃப்5-உம் சேர்த்து அழுத்தினால் வாய்ஸ்ஓவர் பேசும். என்விடிஏவில் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று இருக்கு. பேசுவதை எல்லாம் எழுத்திலும் காட்டும், ஆரம்பத்தில் ரொம்ப உதவும்.

ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்க. "இதை எப்படி இன்ஸ்டால் பண்றது?" அதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டும், மவுஸைத் தொடாமல்.

எச் கீயை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும். கே அழுத்தினால் அடுத்த லிங்க், டி அழுத்தினால் அடுத்த டேபிள். இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள லிங்குகள், தலைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாக வரும். ஸ்க்ரீன் ரீடர் பயன்படுத்துகிறவர்கள் பக்கத்தை மேலிருந்து கீழே வரிவரியாகக் கேட்பதில்லை. வெப்ஏம்மின் 2024 கணக்கெடுப்பில், நீளமான பக்கத்தில் தகவல் தேட முதலில் தலைப்பு தலைப்பாகத் தாவுவோம் என்று பத்தில் ஏழு பேர் சொன்னார்கள். நாம் கண்ணால் மேய்வதை அவர்கள் எச் கீயால் மேய்கிறார்கள்.

ஒன்று சொல்லணும்: அரை மணி நேரம் இப்படிச் சோதிப்பதால் பார்வை இல்லாத ஒருவரின் அனுபவம் நமக்குத் தெரிந்துவிடாது. தினமும் பயன்படுத்துகிறவர் நம்மைவிடப் பல மடங்கு வேகமாகப் போவார். நமக்குத் தெரிவது பக்கம் எங்கே உடைகிறது என்பது மட்டுமே. அது போதும், திருத்தத் தொடங்க.

எங்கே உடையும்?

*தலைப்புகள்.* எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத் தலைப்பு மாதிரி தெரியும், எச் கீ அதைத் தாண்டிப் போய்விடும். மார்க்டவுனில் இரண்டு நட்சத்திரக் குறிக்குப் பதில் ஹேஷ் குறி போட்டால் முடிந்தது. இரண்டாம் நிலையிலிருந்து நேரே நான்காம் நிலைக்குத் தாவவும் கூடாது. நடுவில் ஏதோ விட்டுப்போச்சோ என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார்.

*லிங்குகள்.* லிங்குப் பட்டியலைத் திறந்தால் "இங்கே, இங்கே, இங்கே, மேலும், இங்கே" என்று வரும் சைட்டுகள் நிறைய. "விண்டோஸில் இன்ஸ்டால் செய்வது" என்று லிங்கின் எழுத்தே இடத்தைச் சொல்ல வேண்டும்.

*படங்கள்.* டாக்குமென்டேஷனில் பெரிய பாவம், டெர்மினலில் வந்த எரரை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவது. ஸ்க்ரீன் ரீடரால் வாசிக்க முடியாது, யாராலும் காப்பி பண்ண முடியாது, கூகிளில் தேடினாலும் கிடைக்காது. அதை எழுத்தாகப் போட்டால் எல்லாருக்கும் லாபம். படம் கட்டாயம் வேண்டும் என்றால் ஆல்ட் டெக்ஸ்டில் "ஸ்க்ரீன்ஷாட் 3" என்று எழுதாமல், அந்தப் படத்தை ஏன் போட்டோமோ அதை எழுதணும். கட்டமைப்பு வரைபடம் என்றால் இரண்டு வரி ஆல்ட் போதாது. படத்துக்குக் கீழே ஒரு பத்தி எழுதுங்க. எந்தப் பகுதி எதோடு பேசுகிறது என்று அதில் சொன்னால், படம் புரியாத மற்ற எல்லாரும் உங்களை வாழ்த்துவாங்க.

*திசையும் நிறமும்.* "வலது மேல் மூலையில் உள்ள பச்சை பட்டனை அழுத்தவும்." எந்தப் பச்சை, எந்த மூலை? பட்டனின் பெயரைச் சொல்லுங்க. போன் திரையில் அந்தப் பட்டன் வலது மூலையிலேயே இருக்காது என்பது வேறு விஷயம்.

*மங்கல் எழுத்து.* சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற கான்ட்ராஸ்ட் வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற உலக வழிகாட்டியின் ஏஏ நிலை விதி. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற சாம்பல் நிறம் 4.54 வாங்கி மயிரிழையில் பாஸ். 777777 என்றால் 4.48, ஃபெயில். டாக்குமென்டேஷன் சைட்டுகளில் இது அதிகம் மாட்டுவது கோட் பெட்டிக்குள், கமெண்ட் வரிகளுக்குக் கொடுக்கும் வெளிர் சாம்பலில். கமெண்டில்தான் விளக்கமே இருக்கும்!

*கோட் பெட்டிகள்.* காப்பி பட்டனில் வெறும் ஐகான் இருந்தால் ஸ்க்ரீன் ரீடர் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். பக்கவாட்டில் ஸ்க்ரோல் ஆகும் பெட்டிக்குள் கீபோர்டால் போக முடிகிறதா என்றும் பாருங்க, இல்லைன்னா நீளமான கமாண்டின் வால் யாருக்கும் எட்டாது. இன்னொன்று, என்விடிஏ வழக்கமான அமைப்பில் எல்லா நிறுத்தக்குறிகளையும் வாசிக்காது. அதனால் இரட்டைக் கோடு முக்கியமான கமாண்ட் என்றால், "இந்த ஆப்ஷனுக்கு முன்னால் இரண்டு ஹைஃபன்" என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுவது பெரிய உபகாரம்.

*டேபிள்கள்.* மேல் வரிசையைத் தலைப்புக் கட்டங்களாகக் குறித்தால், கன்ட்ரோலும் ஆல்ட்டும் அம்புக்குறியும் அழுத்தி நகரும்போது "டீஃபால்ட் மதிப்பு: 8080" என்று சேர்த்துச் சொல்லும். குறிக்காவிட்டால் "8080" மட்டும். எதன் 8080 என்று கேட்பவர் விரல் விட்டு எண்ண வேண்டும்.

*ஃபோகஸ்.* டேப் கீயை அழுத்திக்கொண்டே போனால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று கோடு கட்டிக் காட்ட வேண்டும். டிசைன் அழகாக இருக்கட்டும் என்று சிஎஸ்எஸ்ஸில் அந்தக் கோட்டை எடுத்துவிடுவார்கள். இருட்டு அறையில் லைட்டை அணைத்துவிட்டு நடக்கச் சொல்வது மாதிரி. கூடவே, பக்கத்தின் முதல் லிங்காக "நேரே உள்ளடக்கத்துக்கு" என்று ஒன்று இருக்கணும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் இடதுபக்க மெனுவின் எண்பது லிங்குகளைத் தாண்டித்தான் விஷயத்துக்கு வரணும்.

ஒரு நல்ல செய்தி: இதில் பல குறைகள் அந்த ப்ராஜெக்டின் தப்பே இல்லை. ஸ்ஃபிங்ஸ், டாக்குசாரஸ் மாதிரி கருவிகள் கொடுக்கும் தீமில் இருந்து வருவது. அங்கே ஒரு வரியைத் திருத்தினால் அந்தத் தீமைப் பயன்படுத்தும் எல்லா சைட்டுகளும் அடுத்த அப்டேட்டில் சரியாகும். ஊர்க்குழாயைப் போய்ப் பார்க்காமல் வீடு வீடாகக் குடம் தூக்க வேண்டாம்.

ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் மாதிரி தானியங்கிக் கருவிகளும் ஓட்டுங்க, ஆனால் அதோடு நிறுத்தாதீங்க. பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017-இல் வேண்டுமென்றே தடைகள் நிறைந்த ஒரு பக்கத்தைக் கட்டி இந்த மாதிரிக் கருவிகளைச் சோதித்தபோது, எந்த ஒரு கருவியும் பாதித் தடைகளைக்கூடப் பிடிக்கவில்லை. ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கா என்று கருவி சொல்லும். அதில் எழுதியிருப்பது அர்த்தமுள்ளதா என்று மனுஷன்தான் சொல்லணும். ஒரு வரி ஸ்கிரிப்ட் போட்டால் சைட் முழுக்கச் சரியாகிவிடும் என்று விற்கும் ஓவர்லே சமாச்சாரங்களை நம்பவே வேண்டாம். அப்படி விளம்பரம் செய்த அக்ஸசிபி நிறுவனம் பத்து லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2025-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது.

தேடும் மனநிலைக்கு ஏற்ற பக்கம்

அணுகல் வேறு, பயன்பாட்டு எளிமை வேறு என்று பிரிப்பார்கள். டாக்குமென்டேஷனில் இரண்டும் ஒட்டியே வரும். டானியலே ப்ரோசிடா என்பவர் டயாடாக்ஸிஸ் என்ற பெயரில் ஒரு எளிய பிரிவு சொல்கிறார்: கையைப் பிடித்துச் சொல்லித்தரும் பாடம், ஒரு காரியத்தை முடிக்கும் வழிமுறை, தேடிப் பார்க்கும் அகராதி, ஏன் இப்படி என்று சொல்லும் விளக்கம். நான்கையும் ஒரே பக்கத்தில் குழைத்து வைத்தால் யாருக்கும் பயன்படாது. கண்ணால் பார்ப்பவர் எப்படியாவது மேய்ந்து கண்டுபிடிப்பார். காதால் கேட்பவருக்கு வேண்டாததைத் தாண்டுவதற்கே பாதி நேரம் போகும். சமையல் குறிப்பில் சாம்பார் வரலாறு வந்தால் அடுப்பு காத்திருக்குமா?

"சும்மா இதை ரன் பண்ணுங்க", "ரொம்ப ஈஸி" போன்ற வார்த்தைகளையும் கண்டால் எடுத்துவிடுங்க. ஓடாதபோது "எனக்குத்தான் வராது போல" என்று நினைக்க வைக்கும் வார்த்தைகள் அவை.

தமிழ்ப் பக்கம் என்றால்

இங்கேதான் நமக்கென்று ஒரு தனி வேலை இருக்கு.

ஒரு எச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்கத்தில் இது எந்த மொழி என்று சொல்லும் 'லாங்' குறிப்பு இருக்கும். தமிழுக்கு 'டிஏ' என்ற இரண்டெழுத்து. பல சைட்டுகளில் மொழிபெயர்ப்பு தமிழில் இருக்கும், குறிப்பு மட்டும் ஆங்கிலம் என்றே நிற்கும். ஸ்க்ரீன் ரீடர் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்ளும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சில குரல்கள் தடுமாறும், சில வாயே திறக்காது. இத்தனைக்கும் விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரிலேயே தமிழ்க் குரல் இருக்கு, என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கும் தமிழ் பேசும். பேச ஆள் தயாராக நிற்க, கூப்பிடும் பெயர்தான் தப்பு. தமிழ்ப் பத்திக்குள் வரும் ஆங்கிலக் கமாண்டுக்கும் தனியாக மொழிக் குறிப்பு போட வேண்டும், அப்போதுதான் குரல் மாறி வாசிக்கும்.

அடுத்தது எழுத்துரு. நம்ம சங்கங்களின் பழைய மலர்கள், தமிழ்ப் பள்ளிப் பாடத்தாள்கள் நிறைய பாமினியில் அடித்தவை. பாமினி யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தை ஒட்டிய ஏற்பாடு. கண்ணுக்கு 'தமிழ்' என்று தெரிவது கம்ப்யூட்டருக்கு வேறு. ஸ்க்ரீன் ரீடரிடம் கொடுத்தால் "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசிக்கும். தேடினாலும் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கு, மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துச் சரிபார்த்தால் போதும்.

மூன்றாவது, இடம். தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கிலத்தில் 'சேவ்' என்று நாலு எழுத்தில் அடங்கிய பட்டன் 'சேமிக்கவும்' என்றதும் பிதுங்கும். பக்கத்தை 400 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கவாட்டில் இழுக்காமல் வாசிக்க முடிய வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதி. ஆங்கிலப் பக்கத்தில் பாஸான தீம், தமிழில் அதே சோதனையில் உடைவதைப் பார்க்கலாம். வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும், இல்லைன்னா மேல் வரியின் கீழ்வளைவும் கீழ் வரியின் மேல்வளைவும் முட்டிக்கொள்ளும்.

உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியோடு எழுத்து நின்றுபோயிருக்கும். "எனக்குத் தமிழ் அவ்வளவா தெரியாது, நான் எப்படி உதவ?" என்று கேட்டு மெயில் வருது. இந்த வேலைக்கு எழுத வேண்டாம், கேட்கத் தெரிந்தால் போதும். தமிழ்க் குரலில் கையேட்டை ஓடவிட்டுக் கேளுங்க. எந்த வாக்கியம் அம்மாவிடம் சொன்னால் புரியாதோ அதைக் குறித்துக்கொள்ளுங்க. அகராதியில் மட்டும் வாழும் கலைச்சொல் எது, குரல் தப்பாக உச்சரிப்பது எது என்று உங்க காது சொல்லும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதிகம் கிடைக்காத உதவி இதுதான். அவர்கள் எழுதுகிறார்கள், திரும்பக் கேட்டுச் சொல்ல ஆள் இல்லை.

அனுப்புவது எப்படி

முதலில் ப்ராஜெக்டின் பங்களிப்பு விதிகளை வாசிங்க. ஏற்கெனவே யாராவது இதே குறையைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்க. பிறகு ஒரு இஷ்யூ திறங்க. எந்தப் பக்கம், எந்த ப்ரவுசர், எந்த ஸ்க்ரீன் ரீடர், என்ன செய்தீர்கள், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும். முடிந்தால் டபிள்யூசிஏஜி விதி எண்ணையும் போடுங்க. படத்துக்கு 1.1.1, கான்ட்ராஸ்டுக்கு 1.4.3, லிங்குக்கு 2.4.4, பக்க மொழிக்கு 3.1.1, பத்தி மொழிக்கு 3.1.2. எண் இருந்தால் "இது உங்க அபிப்பிராயம்" என்ற பேச்சு எழாது.

புல் ரிக்வெஸ்ட் சின்னதாக இருக்கட்டும். நாற்பது பக்கத்தின் தலைப்புகளையும் நிறங்களையும் லிங்குகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், பராமரிப்பவர் அதைத் திறக்கவே பயப்படுவார். அவரும் வேலை முடித்து வந்து ராத்திரி பார்க்கிறவர்தான். ஒரு வகைக் குறை, ஒரு ரிக்வெஸ்ட். முதலில் இன்ஸ்டால் பக்கம், ஏன்னா அங்கே தடுக்கி விழுந்தவர் அடுத்த பக்கத்துக்கு வரவே மாட்டார். சேர்ந்ததும், அடுத்த தடவை இதே குறை வராதபடி தானியங்கிச் சோதனை ஒன்றை அவர்களின் பில்டில் சேர்க்கலாமா என்று கேளுங்க. ஒரு தடவை துடைப்பதைவிட அது முக்கியம்.

இது வேலை தேடும்போதும் கைகொடுக்கும். சிட்னியிலோ மெல்பர்னிலோ அரசு சார்ந்த கான்ட்ராக்ட் எதை எடுத்தாலும் டபிள்யூசிஏஜி ஏஏ என்ற வரி இருக்கும். எனக்கு வந்த இன்டர்வியூக்களில் அதைப் பற்றிக் கேட்காத அரசு வேலை அபூர்வம். சேர்க்கப்பட்ட ஒரு சின்னத் திருத்தத்தின் லிங்கைக் காட்ட முடிந்தால், தியரி பேச வேண்டியதில்லை.

அடுத்த எபிசோடுக்குள் செய்ய ஒரே ஒரு வேலை: ஒரு சைட், ஒரு இன்ஸ்டால் பக்கம், எச் கீ. அதில் கிடைத்த ஒரு குறையை இஷ்யூவாகப் போட்டு, லிங்கை இந்த மடலுக்குப் பதிலாக அனுப்புங்க. வருகிற இஷ்யூக்களில் சிலவற்றை எடுத்து, புல் ரிக்வெஸ்ட்டாக மாற்றுவது எப்படி என்று அடுத்த வாரம் ஒலியிலேயே செய்து பார்ப்போம்.

அதுவரை, வணக்கம்.